நகரத் தலைவர் பிங்கிரி

பசித்து வந்தவனுக்குச் சோறிடுதல் அறம் என்பதை எல்லா நாட்டாரும் ஒப்புக்கொள்வர். ஆயின், உழைப்பதற்கு ஏற்ற உடலும் மனமும் உடைய ஒருவன், வேலை கிடைக்காமையால் பிறர் வாயிலில் கையேந்தி நிற்க நேர்ந்தால், அவன் வயிறு நிறைந்தாலும் உள்ளம் குன்றிவிடுகிறது. அத்தகையவனுக்கு ஊரார் செய்யத்தக்க உதவி யாது? இவ்வினா 1894-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த டெட்ராயிட் மாநகரில் எழுந்தது. அதற்கு விடை கண்டவர் அந்நகரின் மேயராக விளங்கிய ஹேசன் ஸ்டூவர்ட் பிங்கிரி என்பவர். அவர் கல்லூரியில் பயின்றவர் அல்லர். அரசியலில் ஊறி வளர்ந்தவரும் அல்லர். காலணி செய்து விற்ற ஒரு வணிகரே அவர்.

இளமையும் போர்க்களமும்

அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியில் மெயின் என்னும் மாநிலம் உள்ளது. அங்கு டென்மார்க் என்ற சிற்றூரில், 1840-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 30-ஆம் நாள் பிங்கிரி பிறந்தார். எளிய உழவர் குடும்பம் அது. குடும்பத்தின் வறுமை காரணமாகப் பிங்கிரி நெடுங்காலம் பள்ளியில் பயில இயலவில்லை. பதினான்காம் வயதிலேயே வீட்டை விட்டு வெளியேறிப் பருத்தி ஆலை ஒன்றில் வேலைக்கு அமர்ந்தார். பின்னர் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஹாப்கின்டன் என்னும் ஊருக்குச் சென்று, காலணித் தொழிற்சாலையில் தோல் வெட்டும் வேலையைக் கற்றார். அன்று கையில் ஏறிய அத்தொழில் அவரைப் பிற்காலத்தில் செல்வராக்கியது.

அக்காலத்தில் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அடிமை முறையை நிலைநிறுத்த விரும்பித் தென் மாநிலங்கள் பிரிந்து சென்றன; நாட்டின் ஒற்றுமையைக் காக்க வட மாநிலங்கள் போரிட்டன. பிங்கிரி 1862-ஆம் ஆண்டில் வட மாநிலப் படையில் வீரராகச் சேர்ந்தார். 1864-ஆம் ஆண்டு மே மாதத்தில், வண்டித் தொடர் ஒன்றுக்குக் காவலாகச் சென்றபோது எதிரிகளிடம் சிறைப்பட்டார். அவரை அடைத்துவைத்த சிறைகளுள் ஒன்று ஜார்ஜியா மாநிலத்திலிருந்த ஆண்டர்சன்வில் என்னும் முகாம். கூரையற்ற வெட்டவெளியைச் சுற்றி மரத்தூண்களால் வேலியிட்டு அமைத்த சிறை அது. பதினான்கு மாத காலத்தில் அங்கு அடைபட்டோர் ஏறத்தாழ 45,000 பேர். அவர்களுள் பசியாலும் பிணியாலும் மாண்டவர் ஏறத்தாழ 13,000 பேர். குடிக்க நல்ல நீரும், உண்ணப் போதிய உணவும், நோய்க்கு மருந்தும் இன்றி மனிதர் மடிவதை இளைஞர் பிங்கிரி தம் கண்ணால் கண்டார்.

பின்னர் மில்லன் என்னும் வேறொரு சிறைக்கு அவர் மாற்றப்பட்டார். அங்குக் கைதிகளின் பெயரை அழைத்துக் கணக்கெடுத்தபோது, தம்மை வேறொருவராகக் காட்டிக்கொண்டு அவர் தப்பினார். உயிர் பிழைத்தவர் வீட்டிற்குச் சென்று ஓய்வு கொள்ளவில்லை. தம் படைப்பிரிவை மீண்டும் அடைந்து, போர் முடியும்வரை தொண்டாற்றினார்.

காலணி வணிகம்

போர் ஓய்ந்தபின், பிழைப்பை நாடிப் பிங்கிரி டெட்ராயிட்டுக்கு வந்தார். மிச்சிகன் மாநிலத்தில், கனடா நாட்டின் எல்லையாக ஓடும் ஆற்றின் கரையில் அமைந்தது அந்நகரம். அங்கு முதலில் ஒரு காலணித் தொழிற்சாலையில் கூலிக்கு உழைத்தார். 1866-ஆம் ஆண்டின் இறுதியில், சார்லஸ் ஸ்மித் என்னும் நண்பருடன் சேர்ந்து, நலிவுற்றிருந்த சிறு காலணித் தொழிற்சாலை ஒன்றை விலைக்கு வாங்கினார். அவ்விருவரும் இட்ட முதல் 1,360 டாலர் மட்டுமே.

தோலின் தன்மையை அறிந்தவர், தொழிலாளியின் கை நுணுக்கத்தை உணர்ந்தவர், வாங்குவோரின் தேவையைக் கண்டறிந்தவர் ஆகிய மூவரும் பிங்கிரி என்னும் ஒருவரிடத்தே அமைந்திருந்தனர். ஆகவே, தொழில் ஆண்டுதோறும் வளர்ந்தது. இருபதே ஆண்டுகளில் அத்தொழிற்சாலையில் எழுநூறு பேர் வேலை செய்தனர். ஆண்டு விற்பனை பத்து இலட்சம் டாலரை எட்டியது. 1887-ஆம் ஆண்டில் தொழிற்சாலை தீக்கிரையானது. பிங்கிரி மனம் தளரவில்லை. அதனை மீண்டும் கட்டி எழுப்பினார். தோல் வெட்டும் கூலியாளாக வாழ்க்கையைத் தொடங்கியவர், நகரின் பெருஞ்செல்வர்களுள் ஒருவராக மதிக்கப்பட்டார்.

மேயர் பதவி

1889-ஆம் ஆண்டில் குடியரசுக் கட்சியினர் மேயர் தேர்தலுக்கு ஒருவரைத் தேடினர். தொழிலில் தேர்ந்தவர், நாணயம் உள்ளவர், பொதுமக்களுக்கு நல்லவர் என்று பெயரெடுத்தவர் பிங்கிரி. ஆதலின் அவரை நிற்குமாறு வேண்டினர். அரசியல் தமக்குத் தெரியாதது என்று முதலில் தயங்கிய அவர், பிறகு இசைந்து நின்று வெற்றி பெற்றார். அவரைத் தேர்ந்தெடுத்த செல்வர்கள், தங்கள் வரிச்சுமையைக் குறைத்துத் தங்கள் வணிகத்திற்குத் துணை நிற்கும் ஒருவர் பதவிக்கு வந்துவிட்டதாக எண்ணி மகிழ்ந்தனர். அவ்வெண்ணம் நெடுநாள் நிலைக்கவில்லை.

1890-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி டெட்ராயிட்டின் மக்கள் தொகை இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டது. அடுப்புகளும் இரயில் பெட்டிகளும் அங்குச் செய்யப்பட்டன. வேலை தேடி ஜெர்மனி, போலந்து முதலிய நாட்டு மக்கள் ஆயிரக்கணக்கில் வந்து குடியேறினர். ஊர் பெருகிய வேகத்தில் வசதிகள் பெருகவில்லை. தெருக்கள் மரக்கட்டைகளைப் பதித்துப் போடப்பட்டிருந்தன. அக்கட்டைகள் மழையில் மக்கி, வண்டிச் சக்கரத்தால் சிதைந்து, பள்ளம் பள்ளமாகக் கிடந்தன. தெரு போடும் ஒப்பந்தக்காரர்களுக்கும் நகரமன்ற உறுப்பினர் சிலருக்கும் இடையே இருந்த கள்ள உறவே இதற்குக் காரணம் எனப் பிங்கிரி கண்டார். உறுதியான அடித்தளத்தின்மீது செங்கல்லும் தாரும் கொண்டு தெருக்களை அமைக்குமாறு வற்புறுத்தினார். சில ஆண்டுகளில் டெட்ராயிட்டின் தெருக்கள் பிற நகரத்தாரும் புகழும் நிலையை அடைந்தன.

தெருக்களைச் சீர்திருத்தியபின், அவர் பார்வை விளக்கின்மீது சென்றது. நகரத்துத் தெருக்களுக்கு ஒளி வழங்கும் உரிமை தனியார் நிறுவனங்களிடம் இருந்தது. அவை மிகுந்த கட்டணம் வாங்கின. நகராட்சியே மின்னிலையம் அமைத்து நடத்தலாம் எனப் பிங்கிரி கூறினார். அது நடவாத செயல் எனப் பலர் எள்ளினர். 1893-ஆம் ஆண்டில் மக்களிடமே கருத்துக் கேட்கப்பட்டது. பெரும்பாலோர் மேயரின் திட்டத்தை ஆதரித்தனர். 1895-ஆம் ஆண்டில் நகராட்சியின் சொந்த மின்னிலையம் இயங்கத் தொடங்கியது. முன்னையினும் குறைந்த செலவில் தெருக்கள் ஒளி பெற்றன.

டிராம் வண்டி நிறுவனத்தோடு அவர் நடத்திய போராட்டம் நெடியது. மற்ற நகரங்களில் மின்சார டிராம்கள் ஓடத் தொடங்கிய பின்னரும், டெட்ராயிட்டில் குதிரைகளே வண்டிகளை இழுத்தன. கட்டணமோ ஐந்து சென்ட். நாள்தோறும் வேலைக்குச் சென்று வரும் ஏழைத் தொழிலாளிக்கு அது பெருஞ்சுமை. 1891-ஆம் ஆண்டில் டிராம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, படையை அழைத்து அவர்களை அடக்குமாறு நிறுவனத்தார் மேயரைத் தூண்டினர். பிங்கிரி மறுத்துவிட்டார், நடுவர் வைத்து வழக்கைத் தீர்த்துக்கொள்ளுமாறு அறிவுறுத்தினார். பின்னர், 1895-ஆம் ஆண்டில், மூன்று சென்ட் கட்டணத்தில் வண்டி ஓட்ட முன்வந்த புதிய நிறுவனம் ஒன்றுக்கு இடமளித்தார்.

கல்விக்குரிய பணத்தைக் கையூட்டுக்கு இரையாக்குவதையும் அவர் பொறுக்கவில்லை. 1894-ஆம் ஆண்டில் பள்ளிக் குழுவின் கூட்டத்திற்கு நேரே சென்றார். கையூட்டு வாங்கியவர்கள் தாமே விலகிக்கொள்ளலாம் என்றார். எவரும் விலகாமையால், குற்றம் சாட்டப்பட்ட உறுப்பினர்களை அவ்விடத்திலேயே காவலர்களைக் கொண்டு கைதுசெய்வித்தார்.

இத்தகைய செயல்களால் பிங்கிரியின் பழைய நண்பர்கள் அவரைக் கைவிட்டனர். அவரைப் பதவிக்குக் கொண்டுவந்த செல்வர்களே பகைவராயினர். வங்கி ஒன்றின் இயக்குநர் குழுவிலிருந்தும் அவர் நீக்கப்பட்டார். எனினும், பொதுமக்கள் அவரை விடவில்லை; 1891, 1893, 1895 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுத்தனர்.

பஞ்சம் வந்த காலம்

1893-ஆம் ஆண்டில் அமெரிக்கா முழுவதையும் பெரும் பொருளாதார நெருக்கடி தாக்கியது. 500-க்கு மேற்பட்ட வங்கிகள் கதவை மூடின. இரயில் நிறுவனங்கள் முறிந்தன. டெட்ராயிட்டில் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. நேற்றுவரை உழைத்து உண்டவர்கள் இன்று வேலையற்றுத் தெருவில் நின்றனர். குறிப்பாக, அண்மையில் குடியேறிய போலந்து, ஜெர்மானியக் குடும்பங்கள் பெருந்துன்பம் அடைந்தன. அவர்களுக்கு உறவினரும் இல்லை; சேமித்த பொருளும் இல்லை. ஏழைகளுக்கு உதவும் நகராட்சி நிதியோ விரைவில் வற்றத் தொடங்கியது. வரியை உயர்த்தினால் வரி கட்டுவோர் வருந்துவர். உதவியை நிறுத்தினால் குழந்தைகள் பட்டினியால் வாடும். மேயருக்கு இருபுறமும் இடர்.

ஒருபுறம் வேலையற்ற கைகள். மறுபுறம் வெறுமையாகக் கிடக்கும் நிலம். பின்னாளில் விலை ஏறும் என்னும் எண்ணத்தால் செல்வர்கள் வாங்கிப் போட்டிருந்த மனைகள் நகர எல்லைக்குள் ஆயிரக்கணக்கான ஏக்கர் அளவில் புல் மண்டிக் கிடந்தன. குடியேறிய மக்களுள் பலர் தங்கள் நாட்டில் உழவராக வாழ்ந்தவர்கள். உழவர் மகனாகிய பிங்கிரி இவ்விரண்டையும் இணைத்துப் பார்த்தார். அந்நிலங்களைச் சிறிது காலத்திற்கு ஏழைகளிடம் ஒப்படைத்தால், அவர்கள் தாமே தமக்கு வேண்டிய உணவை விளைவித்துக்கொள்வார்கள் அல்லவா?

உருளைக்கிழங்குத் தோட்டங்கள்

1894-ஆம் ஆண்டில் பிங்கிரி இத்திட்டத்தை வெளியிட்டார். நிலம் உடையவர்கள் விலையின்றித் தங்கள் மனைகளைப் பயிரிட இசைவளிக்க வேண்டும்; நிலத்தை விற்க நேர்ந்தால் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். நகரக் குழு ஒன்று நிலத்தை உழுவித்துப் பகுதிகளாக அளந்து கொடுக்கும். விதை வாங்க இயலாதவர்களுக்கு விதையும் தரும். நட்டு, களையெடுத்து, காத்து, அறுவடை செய்தல் குடும்பத்தாரின் கடமை. விளைந்தது முழுவதும் அவர்களுக்கே உரியது. குழுவின் தலைமைப் பொறுப்பைக் கார்னீலியஸ் கார்டனர் என்னும் படைத்தலைவர் ஏற்றார்.

செய்தி வெளிவந்தவுடன் நகைப்பொலி எழுந்தது. செய்தித்தாள்கள் கேலிப்படம் வரைந்தன. 'உருளைக்கிழங்குப் பிங்கிரி' என்னும் பட்டப்பெயர் நாடெங்கும் பரவியது. ஏழைகள் சோம்பேறிகள், அவர்கள் மண்வெட்டியைத் தொடமாட்டார்கள் என்றனர் சிலர். விதைக்கிழங்கை நடாமல் தின்றுவிடுவார்கள் என்றனர் வேறு சிலர். ஒருவன் விளைவித்ததை மற்றொருவன் இரவில் திருடிச் செல்வான் என்றும் அச்சுறுத்தினர். திட்டத்திற்குப் பணம் உதவுமாறு நகரத்திலுள்ள கிறித்தவக் கோவில்களை மேயர் வேண்டினார். திரண்ட தொகை 14 டாலருக்கும் குறைவு. பிங்கிரி பிறரை நொந்துகொண்டு வாளாவிருக்கவில்லை. தாம் விரும்பி வளர்த்த உயர்ந்த குதிரையை ஏலத்தில் விற்று, அப்பணத்தை நிதியில் சேர்த்தார். அதன்பின் நகராட்சி ஊழியர்கள் உள்ளிட்ட பலரும் பொருள் தந்தனர்.

விண்ணப்பம் செய்த குடும்பங்கள் ஏறத்தாழ 3,000. கையில் இருந்த பணத்தைக் கொண்டு 945 குடும்பங்களுக்கே நிலம் அளிக்க முடிந்தது. ஏறத்தாழ 430 ஏக்கர் நிலம் பயிரிடப்பட்டது. ஒரு குடும்பத்திற்குக் கால் ஏக்கர் முதல் அரை ஏக்கர்வரை கிடைத்தது. உருளைக்கிழங்கே முதன்மைப் பயிர். அவரையும் பிற காய்கறிகளும் உடன் பயிராயின. வேலை தொடங்கியதோ பருவம் கடந்த பிறகு. அவ்வாண்டின் கோடையில் மழையும் பொய்த்தது. கணவனும் மனைவியும் குழந்தைகளும் கூடி உழைத்தனர். மண்வெட்டியும் வாளியும் ஏந்தி, கட்டடங்களுக்கு இடையே கிடந்த புல்வெளிகளை அவர்கள் விளைநிலமாக்கினர்.

இலையுதிர்காலத்தில் அறுவடை நடந்தது. திட்டத்திற்கு ஆன செலவு ஏறத்தாழ 3,600 டாலர். விளைந்த பொருளின் மதிப்பு 12,000 டாலருக்குக் குறையவில்லை. எதிர்பார்த்த சோம்பலும் களவும் தலைகாட்டவில்லை. தன் கையால் வளர்த்த கிழங்கைத் தன் வீட்டு நிலவறையில் சேமித்து, வரும் பனிக்காலத்தை அஞ்சாமல் எதிர்நோக்கிய குடும்பத்தின் மகிழ்ச்சியை எந்தக் கணக்கில் எழுதுவது? நன்கொடை பெறுபவன் தலை குனிகிறான். விளைச்சலைச் சுமந்து செல்பவன் தலை நிமிர்கிறான். பிங்கிரி அவர்களுக்கு அளித்தது நிலமும் விதையும் மட்டும். மற்றவற்றை அவர்களே தேடிக்கொண்டனர்.

அடுத்த ஆண்டு, 1,500-க்கு மேற்பட்ட குடும்பங்கள் பயிரிட்டன. 1896-ஆம் ஆண்டில் அத்தொகை இன்னும் பெருகியது. எள்ளி நகைத்த செய்தித்தாள்கள் இப்பொழுது பாராட்டி எழுதின. நியூயார்க், பாஸ்டன், பபலோ, பிலடெல்பியா முதலிய நகரங்கள் அத்திட்டத்தைப் பின்பற்றின. பட்டப்பெயராக வந்த சொல் பெருமைப் பெயராக மாறியது.

ஆளுநர்

பிங்கிரியின் புகழ் மாநிலம் முழுவதும் பரவியது. 1896-ஆம் ஆண்டில் அவர் மிச்சிகனின் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மேயர் பதவியையும் விடாது வைத்துக்கொள்ள அவர் முயன்றார். ஒருவர் இரண்டு பதவிகளையும் வகித்தல் சட்டத்திற்கு முரண் என 1897-ஆம் ஆண்டில் மாநில உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்புக்குப் பணிந்து அவர் மேயர் பதவியை நீத்தார்.

சிறு நிலமும் வீடும் உடையவர், அவற்றின் மதிப்பிற்கேற்ப வரி செலுத்தினர். பெருஞ்சொத்து உடைய இரயில் நிறுவனங்களோ சொத்தின் மதிப்பிற்கேற்ற வரி செலுத்தவில்லை. இம்முறையை மாற்ற ஆளுநர் பிங்கிரி இடைவிடாது முயன்றார். 1899-ஆம் ஆண்டில் அவர் ஆதரவில் நிறைவேறிய சட்டத்தை நீதிமன்றம் செல்லாது என்றது. அரசியலமைப்பே தடையெனில் அதனைத் திருத்த வேண்டும் என்று அவர் வாதாடினார். 1900-ஆம் ஆண்டில் மக்கள் வாக்களித்து அத்திருத்தத்தை ஏற்றனர். அதன் பயன் அவர் பதவியிலிருந்து விலகிய பின்னரே மாநிலத்திற்குக் கிட்டியது.

குறையே இல்லாத மனிதர் உலகில் அரியர். பிங்கிரி முன்கோபம் உடையவர். எதிர்ப்பவரைக் கடுஞ்சொல்லால் தாக்குவார். தாம் நம்பியவரை எளிதில் சந்தேகியார். மாநிலப் படைக்குரிய பொருள்களை விற்பதில் மோசடி செய்ததாகத் தண்டிக்கப்பட்ட தம் அதிகாரிகளுக்கு, ஆளுநர் பதவியின் இறுதி நாட்களில் அவர் மன்னிப்பு வழங்கினார். பிறருடைய கையூட்டைக் கண்டிக்கத் தயங்காதவர், தம்மைச் சேர்ந்தவரிடம் இரக்கம் காட்டியது முறையன்று என மக்கள் பலர் வருந்தினர்.

மறைவும் நினைவும்

பதவியிலிருந்து ஓய்வுபெற்ற பின்னர், பிங்கிரி வெளிநாட்டுப் பயணம் மேற்கொண்டார். ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பும் வழியில் இலண்டன் மாநகரில் நோய்வாய்ப்பட்டு, 1901-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 18-ஆம் நாள் காலமானார். அப்போது அவருக்கு வயது அறுபது.

டெட்ராயிட் மக்கள் தம் மேயரை மறக்கவில்லை. பலரும் தம்மால் இயன்ற சிறு தொகைகளை வழங்கி, அவர்தம் உருவச்சிலை ஒன்றை நகரின் நடுவிலுள்ள கிராண்ட் சர்க்கஸ் பூங்காவில் நிறுவினர். 1904-ஆம் ஆண்டில் அச்சிலை திறக்கப்பட்டது. 1930-களில் பெருமந்தம் மீண்டும் நாட்டை வாட்டியபோது, டெட்ராயிட் நகரத்தார் பிங்கிரியின் வழியையே நாடினர். வெற்று மனைகளில் மறுபடியும் ஏழைகளின் தோட்டங்கள் தழைத்தன.

ஆண்டர்சன்வில் சிறையில் பசியின் கொடுமையை அறிந்தவர் பிங்கிரி. தொழிற்சாலையில் உழைப்பின் மதிப்பை அறிந்தவர். பெருஞ்செல்வம் சேர்ந்த பின்னும் அவ்விரண்டையும் அவர் மறவாதிருந்தார். வறியவரைச் சோம்பேறிகள் எனப் பலரும் தூற்றிய காலத்தில், அவர்களுடைய கைகளை நம்பினார். அந்நம்பிக்கை பொய்க்கவில்லை என்பதற்கு, 1894-ஆம் ஆண்டின் வறண்ட கோடையில் 945 குடும்பங்கள் விளைவித்த கிழங்குகளே சான்று.